அறிவியல் புத்தகத்தின் அட்டை

பெரியவள் ஐந்தாம் வகுப்பிலும் சின்னவன் மூன்றாம் வகுப்பிலும் இருந்தபோது, ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்த வேகத்தில் உங்கள் பைகளைத் தரையில் கொட்டி, புத்தகங்களின் அட்டைகளை உரித்தெடுத்தேன். பெரியவள் அழுதாள். சின்னவன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டான். அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். அதோடு, நான் பார்த்து வியந்த ஒருவரைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. காலை ஏழே காலுக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் கம்பெனி வேன் வரும். திருப்போரூர் வழியாகப் போய்ச் சேர ஒரு மணி நேரம். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். அதற்கு முன் வேலை செய்த ஆலையை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் வேலையில்லாமல் சுற்றினேன். அந்த இரண்டு வருடம் வீட்டில் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்காது, இருக்கவும் வேண்டாம். அதனால் இந்த வேலை கிடைத்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் இடம் இயந்திர அறை. சர்வர் என்று சொல்லும் பெரிய கம்ப்யூட்டர்கள் அங்கேதான் இருக்கும். ஏ.சி.யைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கிற யு.பி.எஸ். பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் பக்கம் என்பதால் உப்புக் காற்று எந்தச் சந்திலும் நுழையும். பேட்டரி முனைகளில் பச்சை பூத்துவிடும். வாரம் ஒரு தரம் அதைச் சுரண்டித் துடைப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் சர்வரில் இருப்பதை டேப்பில் நகல் எடுப்பேன். இன்னொரு வேலையும் இருந்தது. அச்சடித்துப் பார்த்து முடித்த தாள்கள் ஒரு கூடையில் சேரும். அவற்றைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, 'கிழிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது.

அந்தக் கம்பெனியில் தொண்ணூறு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு பெரிய நிரலை எழுதினார்கள். வெளிநாட்டுக் கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எவ்வளவு எடை என்று சொல்லும் நிரல் அது. மனிதர்கள் எழுதுகிற அந்த எழுத்துக்கு சோர்ஸ் கோடு என்று பெயர். தொண்ணூறு பேரும் ஆளுக்கொரு பக்கம் திருத்தினால் என்ன ஆகும்? அதனால் எல்லாவற்றையும் ஒரு டேட்டாபேஸில் வைத்திருந்தார்கள். ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமென்றால் அங்கிருந்து எடுக்க வேண்டும். திருத்தியதும் திரும்ப வைக்க வேண்டும். வைக்கும்போது யார், எப்போது, எதற்காகத் திருத்தினார் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஆறு வருடத்தில் ஒவ்வொரு கோப்பும் எப்படியெல்லாம் மாறியது என்பது அத்தனையும் அதற்குள் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இந்த வரி எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். கோவளத்துக்காரர், அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பா அங்கே படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். முக்காடு போட்டுக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் வருவார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். அந்தக் கட்டடத்தில் என்னிடம் ஏதாவது சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் டேட்டாபேஸைப் பரிசோதிப்பார். எங்காவது கோப்பு உடைந்திருக்கிறதா என்று ஒரு நிரல் ஓடிப் பார்க்கும். அது ஓடும்போது ஒருத்தர்கூட டேட்டாபேஸுக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் நின்றுவிடும். மூன்று மாடியும் ஏறி இறங்கி ஆட்களை வெளியே கொண்டுவருவது என் வேலை.

"சார், டேட்டாபேஸ மூடுங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, நீங்க ஒருத்தர்தான்."

"அண்ணாத்த, அஞ்சே நிமிஷம்."

"போன வாரமும் அஞ்சு நிமிஷம்தான் சொன்னீங்க. பஜ்ஜி வாங்கப் போயிட்டீங்க. நான் ஒரு மணி நேரம் உங்க நாற்காலிக்குக் காவல் இருந்தேன்."

பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் மூடுவார். கடைசி ஆளும் வந்த பிறகு நான் கீழே போய், "மேடம், வூடு காலி" என்பேன். அவர் அதற்குப் பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பார். என் சொல்லை நம்பி ஒருவர் அவ்வளவு பெரிய காரியத்தைத் தொடங்குகிறார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை கடுமையாக இருந்தது. ஒரு நாள் கரண்ட் போனபோது யு.பி.எஸ். தாங்காமல், சர்வர் சட்டென்று நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்தது. அந்தச் சனிக்கிழமை மழையில் பாதிப் பேர் வரவில்லை, பரிசோதனை நடக்கவில்லை. அடுத்த வாரம் தீபாவளி. அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் புது நிரலை அனுப்பும் அவசரம். பரிசோதனையைத் தள்ளிப் போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. அவர் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். கேட்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை ஓட்டியபோது, திரையில் சிவப்பு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அறுபத்துமூன்று கோப்புகள் உடைந்திருந்தன. நான் டேப்புகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னிடம் நான்கு டேப்புகள் இருந்தன. ஒவ்வொரு வாரமும் ஒன்று, ஐந்தாவது வாரம், முதல் டேப்பின் மேலேயே திரும்ப எழுதுவேன். நான்கிலும் அதே உடைசல். நான் வெள்ளிக்கிழமை தவறாமல், ஒரு குறையும் இல்லாமல், உடைந்ததையே நகல் எடுத்திருக்கிறேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நாலுலயும் இருக்குன்னா ஒரு மாசத்துக்கு முந்தி உடைஞ்சது. கரண்ட் போன நாளுதான். நீங்க தேதி போட்டு வச்சிருக்கப் போய் அது தெரிஞ்சுது. உட்காருங்க, தண்ணி குடிங்க."

அவர் பழுது பார்த்த விதத்தை நான் ஐந்து நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் மூலத்தைத் தொடவே இல்லை. முழுவதையும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, அந்த நகலில்தான் வேலை செய்தார். கட்டளை ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நீள நோட்டில் பேனாவால் எழுதுவார். பக்கத்தில் மணி எழுதுவார். நடந்ததை அதற்கடுத்து எழுதுவார். தப்பாகப் போனதையும் எழுதுவார், கோடு போட்டு அடிக்க மாட்டார்.

"எங்க அத்தா கடையில ஒரு எஞ்சினப் பிரிச்சா, கழட்டின வரிசையிலயே துணியில பரப்பி வைப்பாங்க. நட்டு ஒண்ணு உருண்டா கடையே நிக்கும்" என்றார் ஒரு முறை. அவ்வளவுதான் விளக்கம்.

தொண்ணூறு பேருடைய கம்ப்யூட்டர்களிலும் அவரவர் எடுத்து வைத்திருந்த பிரதிகள் இருக்குமில்லையா? அவற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினார். நானும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கை இருக்கையாகப் போனேன். அறுபத்துமூன்று நாற்பதாயிற்று. நாற்பது பன்னிரண்டாயிற்று. புதன்கிழமை மத்தியானம் வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு கோப்பின் பெயர் மிச்சம் நின்றது. பெட்டிகளின் எடையைக் கணக்கிடும் கோப்பு.

அதை எழுதியவர் ஒரே ஆள். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை, அதனால் வேறு யாரிடமும் பிரதி இல்லை. அவரோ வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். அவர் கம்ப்யூட்டரைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே வாரத்தில் ஒரு வெளிநாட்டுக் கிடங்கிலிருந்து, எடை தப்பாக வருகிறது, இரண்டு வருடத்துக்கு முந்திய பதிப்பில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த டேட்டாபேஸ் கடைசியாக வைத்ததை மட்டும்தான் முழுதாக வைத்திருக்கும். அதற்கு முந்தியதெல்லாம் குறிப்பாகத்தான் இருக்கும்: 'இந்த வரியை எடு, அங்கே இதைப் போடு.' அப்படி ஒவ்வொரு குறிப்பாகப் பின்னால் போக வேண்டும். கிணற்றுக்குள் தொங்கும் கயிறு மாதிரி. மேல்நுனி கையில் இருக்கிற வரைதான் கீழே உள்ள முடிச்சுகள் எட்டும். இந்தக் கோப்புக்கு அறுந்தது மேல்நுனிதான். கடைசிப் பதிப்பு எழுத்துக்கு எழுத்து கிடைத்தால் ஆறு வருடமும் திரும்ப வரும். கிடைக்காவிட்டால் ஒன்றும் வராது.

மேனேஜர் வந்து பலகையைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. இல்லன்னா புதுசா எழுதச் சொல்லிடறேன். பழசு போனது போனதுதான்" என்றார்.

மேடம் பலகையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் அந்தப் பெயரைப் பார்த்தேன். அந்த ஆங்கில எழுத்துகளை நான் தினமும் சாயங்காலம் பார்க்கிறேன். பெரியவளுடைய அறிவியல் புத்தகத்தின் அட்டையில்.

உண்மையைச் சொல்கிறேன். நான் தாள்களை எல்லாம் கிழிக்கவில்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட, நீளமான, அகலமான தாள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் பளீரென்று வெள்ளை. அதை இயந்திரத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்குப் பத்து இருபது தாள்களைச் சாப்பாட்டுப் பையின் அடியில் மடித்து வைத்துக் கொண்டுவந்தேன். உங்களுக்கு ரஃப் நோட்டாகத் தைத்துக் கொடுத்தேன், புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். பெரியவள் அச்சுப் பக்கத்தை வெளியே தெரியும்படி போடச் சொல்லுவாள். வகுப்பில் அதற்குப் பெயர் 'கம்ப்யூட்டர் புக்கு'. பதிவேட்டிலோ ஒவ்வொரு வாரமும் 'கிழிக்கப்பட்டது' என்று என் கையெழுத்து இருந்தது.

கொடுத்தால் திருட்டு வெளியே வரும். வேலை போகும். கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. வேனில் வரும் வழியெல்லாம் இதையேதான் உருட்டிக்கொண்டு வந்தேன். நம் ஊர் எல்லையில் கொளவாய் ஏரி தெரிந்தபோதும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கைதான் முந்திக்கொண்டது, பைகளைக் கொட்டினேன்.

"இன்னா பண்ற நீ? புள்ள அழுவுது பாரு" என்றாள் உங்கள் அம்மா.

சொன்னேன். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு அஞ்சு நாளா அதுக்காகவா ஒக்காந்துகினு கீது?"

"ஆமா."

"நீ பக்கத்துலயே நின்னுகினு கீற."

"ஆமா."

"அப்புறம் என்னாத்துக்கு என்னைக் கேக்குற? எடுத்த காயிதம் நம்மளுதா? இல்ல. எத்தினி வோணுமாம்?"

"தெரியல. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கும்."

பிறகு நாம் நாலு பேரும் தேடினோம், ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் பதினோரு பக்கம். ஆறு பெரியவளின் ரஃப் நோட்டில், பின்பக்கமெல்லாம் பின்னக் கணக்கு. அறிவியல், தமிழ், கணக்கு மூன்று புத்தகங்களின் அட்டையாக மூன்று. மசாலா டப்பாக்களுக்கு அடியில் அம்மா விரித்திருந்தது ஒன்று; எண்ணெய் ஊறி இரண்டு பக்கமும் தெரிந்தது, ஆனால் எழுத்து நன்றாக இருந்தது. ஒன்பதாம் பக்கம் மட்டும் இல்லை. கடைசியில் சின்னவன் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் போய் ஒரு காற்றாடியைக் கொண்டுவந்தான். மூங்கில் குச்சியோடு கொடுத்தான்.

மறுநாள் காலை வாசலில் காவலாளி என் பையைத் திறந்தார்.

"இன்னா அண்ணாத்த, புள்ள நோட்டெல்லாம் தூக்கியாந்துகினு கீற? பரீட்சை எழுதப் போறியா?"

"ஆமா. இன்னைக்குத்தான் பரீட்சை" என்றேன். அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மேடத்தின் மேஜையில் அத்தனையையும் வைத்து, எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முதல் தாளின் தலைப்பில் இருந்த பதிப்பு எண்ணையும் தேதியையும் விரல் வைத்துப் படித்தார். கரண்ட் போனதற்கு இரண்டு நாள் முந்திய தேதி. எழுதியவர் கடைசியாக வைத்துவிட்டு, சரிபார்க்க அச்சடித்த அதே பதிப்பு.

"எத்தனை ஷீட்டு?"

"பதினொண்ணு. எல்லாம் இருக்கு."

"அண்ணே, நீங்க படிங்க. நான் அடிக்கிறேன்."

"மேடம், எனக்கு இங்கிலீஷ் வராது."

"அதான் வேணும். தெரிஞ்சவங்க படிச்சா அவங்க மனசுல இருக்கிறதப் படிப்பாங்க. நீங்க தாள்ல இருக்கிறத மட்டும் படிப்பீங்க. எழுத்து, புள்ளி, அடைப்பு, நடுவுல எத்தனை இடம் விட்டிருக்கு, எல்லாம் சொல்லுங்க."

காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வெற்று வரி வந்தால் 'வெற்று வரி' என்றேன். இடங்களை எண்ண ஒரு அடிகோலை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவர் அடித்ததை எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார். நான் தாளில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் படித்ததில்லை. காற்றாடியின் மடிப்பில் தேய்ந்திருந்த எழுத்துகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம்.

நாலாம் பக்கம் அறிவியல் புத்தகத்தின் அட்டை. அதன் நடுவில் பெரியவளின் பெயர் எழுதிய லேபிள். அதற்கு அடியில் மூன்று வரிகள் மறைந்திருந்தன. நகத்தால் தூக்கப் போனேன்.

"இருங்க. எதால ஒட்டினது?"

"சோத்தால மேடம். நாலு பருக்கையை மசிச்சு ஒட்டினேன்."

அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "கோந்தா இருந்தா கிழிஞ்சிருக்கும். சோறுதானே, ஊறும்." கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, லேபிளின் மேல் வைத்தார். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் மூன்று முறை தூக்கிப் பார்த்திருப்பேன். பிறகு ஓரத்தைப் பிடித்தார். பெயர் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று வரியும் ஈரத்தோடு இருந்தன.

மூன்று மணிக்கு முடித்தோம். நகல் டேட்டாபேஸில் அதைப் பொருத்தி, ஒவ்வொரு பழைய குறிப்பாகப் பின்னால் போகும்படி கட்டளை கொடுத்தார். ஒவ்வொரு பதிப்புக்கும் டேட்டாபேஸ் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருந்தது. நாங்கள் அடித்ததில் பிசகு இருந்தால் எண் ஒத்துவராது. கடைசிப் பதிப்பு ஒத்தது. அதற்கு முந்தியது ஒத்தது. அதற்கும் முந்தியது. நூற்றுச் சொச்சம் பதிப்புகள், கயிற்றில் ஒவ்வொரு முடிச்சாக, ஆறு வருடம் கீழே இறங்கி, அந்தக் கோப்பைப் பிறந்த அன்றைக்கு எழுதிய ஒன்பது வரியில் போய் நின்றது. மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு அப்போதுதான் பயம் திரும்ப வந்தது. கோப்பைத் திரும்ப வைக்கும்போது யார், எப்போது, எதற்கு என்று அவர் எழுத வேண்டுமே.

"மேடம், ட்ராயர்ல கிடைச்சுதுன்னு போட்டுடுங்களேன்."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அண்ணே, இந்த டேட்டாபேஸே அந்த ஒரு வரிக்குத்தான் இருக்கு. அத நானே பொய்யா எழுதினா, மத்த வரிய யாரு நம்புவாங்க? நான் மேனேஜர்கிட்ட போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா எழுதுறத மாத்த மாட்டேன். அஞ்சு மணிக்கு உள்ள வைப்பேன். அதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிட்டா நல்லது."

அப்போது மணி மூன்றே முக்கால். நான் போய் யு.பி.எஸ். பேட்டரிகளைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்தவைதான். நாலரைக்கு மேனேஜரின் கதவைத் தட்டினேன்.

அவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"கிழிச்சாச்சுன்னு போட்டிருக்கு."

"கிழிக்கல சார். புள்ளைங்களுக்கு நோட்டு தைக்க எடுத்துட்டுப் போனேன்."

"எவ்வளவு நாளா?"

"ஒன்றரை வருஷமா சார்."

"வெளிய யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல சார். வீட்டுல இருக்கிறது அத்தனையும் கொண்டாந்து தரேன்."

"வீட்டுக்குப் போங்க. கூப்பிட்டு அனுப்புவேன்" என்றார். பதிவேட்டை நீட்டினார். "இதுல இருக்கிறத என்ன பண்ணப் போறீங்க?"

என் கை அந்த வரியை அடித்துவிடத்தான் துடித்தது. மேடத்தின் நீள நோட்டு நினைவுக்கு வந்தது. பழைய வரியை அப்படியே விட்டு, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, தமிழில் எழுதினேன்: 'மேலே உள்ளவற்றில் பல தாள்களைக் கிழிக்கவில்லை. என் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.' கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார்.

பத்து நாள் வீட்டில் இருந்தேன். மிச்சமிருந்த தாள்களை எல்லாம் கட்டி அனுப்பினேன். உங்களுக்கு விடுமுறை மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் அப்பா வீட்டில் இருப்பார். உங்கள் அம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பதினோராம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேனேஜரின் முன்னால் ஒரு மெமோவும், மேடம் எழுதிய அந்த வரியின் அச்சும் இருந்தன. அதில் இருந்ததை அவரே தமிழில் படித்துச் சொன்னார். 'கடைசிப் பதிப்பு உடைந்துபோனது. அச்சுத் தாளிலிருந்து மீண்டும் அடிக்கப்பட்டது. தாள்கள் இயந்திர அறை உதவியாளரின் வீட்டில் இருந்தன, அவரே கொண்டுவந்தார், எழுத்தெழுத்தாகப் படித்தவரும் அவரே. எல்லாப் பழைய பதிப்புகளும் ஒத்துவந்தன.' கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

"வெளிநாட்டுக்காரங்களும் இதப் படிச்சாச்சு. எடை ஏன் தப்பா வந்துதுன்னும் கண்டுபிடிச்சாச்சு" என்றார். "தாள எடுத்துட்டுப் போனதுக்கு மெமோ. திரும்பக் கொண்டுவந்ததுக்கு வேலை. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அதன் பிறகு மேனேஜரின் கண் முன்னாலேயே அந்தப் பதினோரு தாள்களையும் நானே இயந்திரத்தில் விட்டேன். காற்றாடியும் போயிற்று, அட்டையும் போயிற்று. பின்பக்கத்தில் இருந்த பின்னக் கணக்குகளும் துண்டு துண்டாகக் கூடையில் விழுந்தன. பதிவேட்டில் 'கிழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கீழே இறங்கி வந்தேன். மேடம் மேஜையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். பழுப்புத் தாள் ஒரு சுருள், கோவளம் கடையில் வாங்கியது. அதோடு புது நோட்டு ஒன்று.

"பாப்பாவோட கணக்கெல்லாம் அந்தத் தாள்லதானே இருந்துது? அரைப் பரீட்சை வருதில்ல? கிழிக்கிறதுக்கு முந்தி எழுதி வச்சிட்டேன். வரிசை மாறல."

ஆறு பக்கம், எழுபதுக்கு மேல் கணக்கு. அவருடைய சின்னச் சின்ன எழுத்தில், அடித்துத் திருத்திய இடத்தில் அடித்துத் திருத்தியபடியே இருந்தது. பெரியவளே, அந்த நோட்டை வைத்துத்தான் நீ பரீட்சைக்குப் படித்தாய். இரண்டாம் நாளே முறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய், நினைவிருக்கிறதா? இரண்டு கணக்கு தப்பு, அந்த அக்கா பெரிய படிப்புப் படித்தவர்தானே, எழுதும்போது திருத்தியிருக்கலாமே என்று கேட்டாய்.

சனிக்கிழமை மூன்று மாடியும் ஏறி இறங்கி ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, நான் இதை அவரிடம் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்புன்னு எனக்கும் தெரியும்ணே. ஆனா போட்டது பாப்பா. திருத்த வேண்டியதும் அவதான்" என்றார். பிறகு கேட்டார்: "எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வூடு காலி மேடம்" என்றேன்.